லிசாங் பள்ளத்தாக்குக் காட்சிகள்

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் கிடங்கில் அன்று சாயங்காலம் இருந்தவர்கள்: கரீம் பாட்சா, கிடங்குக்குச் சொந்தக்காரர், அங்கிருந்த ஒரே நாற்காலிக்கும் அவரே சொந்தக்காரர். வெங்கடேஸ்வரன், ரோடு காண்டிராக்ட் கம்பெனியின் பம்பாய் மானேஜர், வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர். கணேசபாண்டியன், தோல் ஊறும் தொட்டிகளில் வருஷக்கணக்காக இறங்கி நின்று முழங்காலுக்குக் கீழே ரோமமே இல்லாமல் போனவன். அவனைப் போலவே வேலை போன திருநெல்வேலிக்காரர்கள் நாற்பது ஐம்பது பேர், உப்புப் பூத்த தரையில் குத்துக்காலிட்டு. சுவரோரம் பெண்கள் சிலர். அவர்களில் சொர்ணம்மாள் மட்டும் உட்காரவில்லை, கதவுப் பக்கம் நின்றாள். அவளுடைய தம்பி தளவாய் போன வருஷம் முதல் செட்டுக் கூலிகளோடு லிசாங்குக்குப் போனவன். எல்லோருக்கும் பின்னால் ஒரு மேஜை, மேஜைமேல் படம் காட்டும் விளக்குப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் கம்பெனிக் குமாஸ்தா நாணு.

நாணுவுக்கு அன்றைக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. இந்தக் கூட்டத்தை லிசாங்குக்குக் கிளப்பிவிட வேண்டும். கிளம்பினால் அவன் பம்பாயிலேயே இருந்துகொள்ளலாம். கிளம்பாவிட்டால் அவனே திரும்பிப் போகவேண்டும். போனால் செத்துப்போவான்.

பயந்த மனுஷன் தன்னையே பெரிதுபடுத்திச் சொல்லிக்கொண்ட பேச்சல்ல இது. மாதுங்காவில் டாக்டர் அவனைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலை விட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு, "மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இறங்கியிருக்கு ஓய். இன்னொரு மழைக்காலம் அங்கே இருந்தீரானால் எனக்கு ஃபீஸ் கொடுக்க வரமாட்டீர்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

லிசாங் என்பது அஸ்ஸாமையும் தாண்டி, சண்டைக்காக ரோடு போட்டுக்கொண்டிருந்த மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. போன வருஷம் சித்திரையில் கம்பெனி தாராவியிலிருந்து முதல் செட்டை அங்கே கொண்டுபோனது. ஆள் கணக்கு எழுத நாணு கூடப் போனான். போகும் வழியில் புசாவலில் நாலைந்து பேர் வண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டார்கள். அடுத்த தடவை வண்டிக் கதவை வெளியிலிருந்து பூட்டுவது நல்லது என்று கம்பெனிக்கு யோசனை எழுதிப்போட்டவன் நாணு. அதற்காகப் பாராட்டுக்கூட வந்தது. மழை பிடித்தது. காய்ச்சல் பிடித்தது. மழை விட்டபோது முதல் செட்டில் பாதிப்பேர் இல்லை. நாணு மூன்று தடவை காய்ச்சலில் விழுந்து மூன்று தடவையும் எழுந்தான். அவனுக்கு மலேரியாவுக்கான கொயினா மாத்திரை கொடுத்தார்கள். குமாஸ்தாக்களுக்கு மட்டும் போதுமான மாத்திரைதான் கம்பெனியிடம் இருந்தது.

ஐப்பசியில் அவன் திரும்பி வந்ததும் வெங்கடேஸ்வரன் சொன்னார்: "ரெண்டாவது செட்டு வேணும். நீ ஆளைச் சேர்த்துக் குடு, ஆபீஸ்ல இங்கேயே உக்காந்துக்கோ, கூட்டிண்டு போறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். சேரலேன்னா அங்க மிச்சம் இருக்கறவாளை வச்சிண்டு நீதான் வேலை வாங்கணும். எனக்கு வேற வழி தெரியலை."

"படம் காட்டலாம் அண்ணா" என்றான் நாணு. "நான் எடுத்த படமெல்லாம் இருக்கு."

படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். நாணு ஒரு பெட்டிக் காமிராவை வைத்துக்கொண்டு, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்திருந்தான். அவ்வளவு அழகான இடத்தை அவன் அதற்கு முன் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. ஒரு மனுஷனும் கால் வைக்காத மணல்திட்டு. ஆள் உயரப் புல், அதன் வெள்ளைக் கதிர்கள் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்வது. காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி, மலை உச்சிகள் மட்டும் வெளியே நிற்பது. காய்ச்சல் அடித்து ஓய்ந்த காலைகளில் கூடாரத்தின் துணியைத் தூக்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான். பக்கத்துக் கூடாரத்தில் யாராவது முனகுவார்கள். அந்த முனகலோடுதான் அந்த அழகும் அவனுக்குள் போயிருந்தது. இரண்டையும் பிரிக்க அவனுக்கு வழியில்லை, முயலவும் இல்லை.

தாதரில் ஒரு ஸ்டுடியோக்காரன் அவற்றைக் கண்ணாடிப் படங்களாக ஆக்கிக் கொடுத்தான். கறுப்பு வெள்ளை. வர்ணம் பூசியவள் நாணுவின் மனைவி பாகீரதி. அவள் அந்த மலைகளைக் கண்டாளா? பாலக்காட்டில் அவளுடைய அப்பா வீட்டு வயல் என்ன பச்சையோ அந்தப் பச்சையை லிசாங் முழுக்கப் பூசினாள்.

கடைசிப் படம்தான் இருப்பதிலேயே சிறந்தது. ஆறு வளைந்து திரும்பும் இடம், சாயங்கால வெளிச்சம், தூரத்தில் மலைமேல் குடிசைப் புகை. அதன் வலது கீழ் மூலையில், ஆற்றங்கரை மேட்டில் சில மண் குவியல்கள் விழுந்திருந்தன. குவியல்கள்மேல் முள் வெட்டிப் போட்டிருந்தது. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளையாக ஒன்று கவிழ்ந்திருந்தது.

"இது என்னன்னா?" என்று கேட்டாள் பாகீரதி.

"ஒண்ணுமில்லை. அந்த மூலையை மறைச்சுடு."

அவள் மறுபடி கேட்கவில்லை. கறுப்புக் காகிதத்தை அளவாகக் கத்தரித்து, பசை காய்ச்சி, கண்ணாடிமேல் ஒட்டினாள். மைதா கிடைக்கவில்லை. ரேஷனில் வந்த மாவு, பாதி தவிடு, மீதி என்னவென்று கடவுளுக்கே தெரியாது. அதில்தான் காய்ச்சினாள். உலர்ந்தபோது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

கிடங்கில் முதல் படம் தலைகீழாக வந்தது. மலை தொங்கியது, ஆறு வானத்தில் ஓடியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்ன சாமி, அந்த ஊருல எல்லாவனும் வவ்வாலு மாதிரி தொங்கணுமோ?" என்றான் கணேசபாண்டியன்.

"பெட்டிக்குள்ள தலைகீழா வச்சாத்தான் சுவத்துல நேரா வரும். மறந்து நேரா வச்சுட்டேன்" என்று நாணு எடுத்துத் திருப்பிப் போட்டான். சிரிப்பு அவனுக்கு நல்லதாயிற்று. சிரித்த கூட்டம் பாதி வழிக்கு வந்த கூட்டம்.

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். நாணுவுக்குப் பேச வரும். அன்றைக்கு அவன் உயிருக்காகப் பேசினான்.

"இது காலம்பற. இந்த வெள்ளையெல்லாம் பனி. பாலைக் கொட்டி வச்ச மாதிரி அசையாம நிக்கும். வெயில் ஏற ஏற, ஓரத்திலேர்ந்து கிழிஞ்சு கிழிஞ்சு மேல போகும். கீழே ஆறு தெரியும். அந்தத் தண்ணிக்கு ஒரு பச்சை உண்டு. கிளிப்பச்சை இல்லை, பாசிப்பச்சை இல்லை. கண்ணாடி பாட்டிலை ஓரமா வச்சுப் பார்த்தா ஒரு பச்சை தெரியும் பாருங்கோ, அது."

சுவரில் அந்தப் பச்சை இல்லை, பாகீரதியின் வயல் பச்சைதான் இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு அவன் சொன்ன பச்சை தெரிந்தது. இவர்கள் இருந்த இடம் அப்படி. தொட்டித் தண்ணீர் தேங்கிய சந்து, மழை இல்லாவிட்டாலும் சேறு, சோற்றில் கை வைத்தாலும் விரலில் தோல் நாற்றம். ஒரு குழாய்க்கு முந்நூறு பேர் குடத்தோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு முழு ஆற்றைக் காட்டினால் என்ன ஆகும்? யாரோ ஒருத்தி, "ஏ அம்மா, எம்புட்டுத் தண்ணி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நாத்தம்?" என்று இருட்டிலிருந்து ஒருவன் கேட்டான்.

"நாத்தமே கிடையாது. மூச்சை இழுத்தா இலை வாசனை. மழை பெஞ்சா மண் வாசனை. இருவாச்சின்னு ஒரு பெரிய பறவை, அது பறந்தா ரயில் எஞ்சின் ஆவி விடற மாதிரி புஸ் புஸ்ஸுன்னு சத்தம். அதைத் தவிர ஒரு சத்தம் கிடையாது."

"சனம்?"

"சனமே இல்லை. நாள் முழுக்க நடந்தாலும் ஒரு முகம் பார்க்க முடியாது."

கரீம் பாட்சா தோல் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் பொதுவாக ஒன்றும் சொல்வதில்லை. மிலிட்டரிக்குத் தோல் எடுக்கும் பெரிய முதலாளிகள் சின்னத் தொட்டிக்காரர்களுக்குப் பச்சைத்தோல் கிடைக்காமல் செய்துவிட்டார்கள். ஆட்களுக்கு வேலை கொடுக்க முடியாத வெட்கத்தில் இடத்தை இனாமாகக் கொடுத்திருந்தார். இப்போது கேட்டார்: "புல்லு இவ்வளவு நிக்குதே நாணு சாமி, மேயறதுக்கு ஒரு மாட்டக் காணோமே?"

"மலைக்காரா மாடு வளர்க்க மாட்டா பாய். அவா வேட்டைக்காரா."

"மலைக்காரங்க எங்கன இருக்காவ?" இது சொர்ணம்மாள், கதவுப் பக்கமிருந்து.

"மேலே. உச்சியில. சாயங்காலம் அவா வீட்டு விளக்கெல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும்."

"ஆறு கீழ ஓடுது, புல்லு கீழ கிடக்கு. அவுக ஏன் மேல போயி இருக்காவ?"

நாணு விளக்கின் திருகைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். மலைக்காரர்கள் பகலில் மட்டும் ஆற்றுக்கு வருவார்கள். வெயில் சாய்ந்தால் ஒருவன் கீழே நிற்கமாட்டான். இருட்டிய பிறகு பள்ளத்தாக்கில் தூங்குகிறவன் அடுத்த அறுவடைக்கு இருக்கமாட்டான் என்று அவர்களுடைய கிழவன் ஒருவன் சைகையால் காட்டியிருக்கிறான்.

"அது அவா பழக்கம்" என்றான்.

"அரே, உனக்கு என்னம்மா அதெல்லாம்?" என்று வெங்கடேஸ்வரன் நாற்காலியிலிருந்து திரும்பினார். "நீயா போகப்போறே?"

"எந்தம்பி போயிருக்காம்லா. எங்க இருக்காம்னு கேக்கக் கூடாதா?"

"அவன் லெட்டர் போட்டிருப்பான். சண்டைக்காலம், சென்சார்ல நிக்கும். நாணு சொல்லலையா உனக்கு?"

"சொன்னாவ. மூணு தடவ கேட்டேன், மூணு தடவயும் அதத்தான் சொன்னாவ."

கூட்டம் அவளைக் கவனிக்கவில்லை. படம் பார்க்கும் அவசரம். நாணு கடைசிப் படத்தை எடுத்துத் தலைகீழாகப் பெட்டிக்குள் தள்ளினான்.

கிடங்கில் பேச்சு நின்றது. அவ்வளவு நல்ல படம். ஆறு வெள்ளி வாளாக வளைந்தது. புல் கதிரெல்லாம் தீ பிடித்தாற்போல நின்றது. நாணு அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், நிறுத்த மனம் வரவில்லை. வெயில் போன பிறகும் தண்ணீரில் மட்டும் வெளிச்சம் தங்கியிருப்பது, பிறகு அது ஒவ்வொரு மடிப்பாக அணைவது, கையில் அள்ளினால் பல் கூசும் குளிர்ச்சி. பெட்டிக்குள் கார்பைடு விளக்கு சீறிக்கொண்டு எரிந்தது. ஒரு படத்தை இவ்வளவு நேரம் வைக்கக் கூடாது, கண்ணாடி சூடேறிவிடும் என்று ஸ்டுடியோக்காரன் சொல்லியிருந்தான். நாணு மறந்துபோனான். அவன் பம்பாயில் இல்லை.

"சாமி," என்றான் கணேசபாண்டியன், "அந்த மூலையில கறுப்பா இருக்கே, அது என்னது? மத்த படத்துல இல்லயே."

"காகிதம். கண்ணாடி அங்க கொஞ்சம் உடைஞ்சிருக்கு."

"அது நவளுதே."

நகர்ந்தது. தவிட்டுப் பசை சூட்டில் இளகிவிட்டது. கண்ணாடி பெட்டிக்குள் தலைகீழாக நின்றதால் அங்கே கீழே சரிகிற காகிதம், இங்கே சுவரில் மேலே ஏறியது. கறுப்பு மெல்ல, யாரோ போர்வையைத் தூக்குவதுபோல, ஆற்றங்கரை மேட்டைவிட்டு எழும்பி மலைமேல் போய் நின்றது. அது இருந்த இடத்தில் குவியல்கள். முள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளையாக, வட்டமாக.

கம்பெனி கூலிக்காரர்களுக்கு ஆளுக்கொரு எனாமல் குவளை கொடுத்திருந்தது. செத்தவன் கடைசியாகத் தண்ணீர் குடித்த ஏனத்தைத் தலைமாட்டில் கவிழ்த்து வைப்பது இந்த ஜனங்களின் வழக்கம். நரி தோண்டாமலிருக்க மேலே முள் வைப்பதும் அப்படித்தான். சுவரில் இருப்பது என்னவென்று அந்தக் கிடங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெங்கடேஸ்வரனுக்கு மட்டும் தெரியவில்லை.

"என்ன அது, புத்தா?" என்றார்.

"ஆமாம் அண்ணா" என்றான் நாணு.  "புத்து."

யாரும் கத்தவில்லை. சொர்ணம்மாள் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள், ஆட்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். சுவருக்குப் போய், படத்துக்கு வெகு கிட்டத்தில் நின்றாள். ஆறு அவள் முதுகில் ஓடியது. குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பி வெளிச்சத்தில் கண் கூச, பெட்டிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எது?"

நாணு பெட்டிக்குப் பின்னால் குனிந்தான்.

"சாமி, எதுன்னு கேக்கேன். இதுல எந்தம்பி எது?"

விளக்கை அணைத்துவிடலாம் என்று நாணு நினைத்தான். கை போகவில்லை. தளவாயை அவனுக்கு நன்றாகத் தெரியும். பாடிக்கொண்டே கல் உடைப்பான், கணக்கில் தன் பேரைக் கூப்பிட்டால் கழுதைபோலக் கனைப்பான். ஆவணி மாதம். குழி வெட்டியபோது நாணு குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆத்துப் பக்கத்திலேர்ந்து மூணாவது" என்றான்.

அவள் திரும்பி அதைத் தொட்டாள். அவள் கையின் நிழல் பட்டு அது மறைந்தது. கையை எடுத்தாள், மறுபடி வந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் அழுகைச் சத்தம் வந்தது. அது அவளுடையது அல்ல.

வெங்கடேஸ்வரன் எழுந்துவிட்டார். தடி எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்போலக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நாணு எதிர்பார்த்தது வேறு. எல்லாம் போயிற்று, இனி ஒருத்தன் வரமாட்டான், நான்தான் போகவேண்டும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

கணேசபாண்டியன் பீடி பற்றவைத்தான். மற்றவர்கள் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"எத்தன பேரு, என்ன சீக்குன்னு கேட்டு இப்பம் என்ன ஆகப்போவுது" என்றான். "காய்ச்சல்தான? இங்கயும் காய்ச்சல்தான். போன மாசம் அய்யாத்துரை பெண்டாட்டியத் தூக்கிட்டுப் போயி அலைஞ்சோம், புதைக்க இடம் இல்ல. கடைசியில காடி ஓரமா, கடத்தண்ணி ஏறுற சகதியில வச்சோம். ரெண்டு நாளு கழிச்சு வெள்ளம் ஏறி அவளத் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டு." அவன் சுவரைப் பார்த்தான். "அது நல்ல மேடாத்தான் இருக்கு. வெள்ளம் ஏறாது."

"ஏ சித்தப்பா, என்ன பேசுதிய?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"வேல இருக்கால உனக்கு? இல்லேல்லா? அங்க சோறு போடுதானா, இல்லயா சாமி?"

"போடறா" என்றான் நாணு. "சோறு உண்டு."

"வீட்டுக்குப் பணம் வருமா?"

"வரும்" என்றார் வெங்கடேஸ்வரன் அவசரமாக. "அட்வான்ஸே உண்டு."

"வாரோம்" என்றான் கணேசபாண்டியன். "ஒண்ணு மட்டும். இந்தப் பொம்பள தம்பி செத்தது இவளுக்குத் தெரியாம, பொட்டு வச்சு, பூ வச்சு, பொங்கலுக்கு அவனுக்கு வேட்டி எடுத்து வச்சிருக்கா. எங்க வீட்டுல அப்படி நடக்கக் கூடாது. எவன் போனாலும் மறுநாளே ஊருக்குத் தெரியணும். எந்தக் குழி எவனுதுன்னும் தெரியணும். இங்க எவனுக்குவே எழுதத் தெரியும்? அதனால சாமி கூட வரணும். முன்னால போன மாதிரி தனி வண்டியில இல்ல. எங்க கூட, எங்க வண்டியில."

நாணு வெங்கடேஸ்வரனைப் பார்த்தான். மாதுங்காவில், பிள்ளையார் படத்துக்கு முன்னால், காப்பி குடித்துக்கொண்டே பேசிய பேச்சு அது. ஆள் சேர்ந்தால் நீ போகவேண்டாம். சேர்ந்தாயிற்று.

"வருவான்" என்றார் வெங்கடேஸ்வரன், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். "நாணு வராம வேற யாரு வருவா? அந்த எடத்தை அவனை விட்டா யாருக்குத் தெரியும்?"

"அண்ணா, டாக்டர் சொன்னதை..."

"இவ்வளவு அழகா இருக்குன்னு நீதானேடா சொன்னே?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். நாணு கைநீட்டி விளக்கை அணைத்தான்.

புறப்படும் நாள்வரை அவன் செய்யாத முயற்சி இல்லை. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கினான். வெங்கடேஸ்வரன் அதைப் படித்துவிட்டு, கொயினா மாத்திரைப் பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்தார். பாதிதான் இருந்தது. மீதி வரும் என்றார். மறுத்தால் அவன் குடியிருக்கும் கம்பெனி ரூமைக் காலி பண்ணவேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார். ஆண்டாப் ஹில்லில் ஒரு தெரிந்தவன் வீட்டில் ஒளிந்துகொள்ளலாம் என்று பாகீரதி சொன்னாள்.

"ஒளிஞ்சிண்டு?" என்றான் நாணு.

"உயிரோட இருக்கலாமே."

"ரேஷன் கார்டு?"

அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் மைதாவுக்கு இன்னொரு கடையில கேட்டிருக்கலாம்" என்றாள்.  

புறப்படும் நாள் காலையில், ஒளிவதா போவதா என்ற கேள்விக்கு விடை தானாகவே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. கணேசபாண்டியனும் இன்னும் ஆறேழு பேரும். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார்கள். அப்படியும் தோல் நாற்றம் படிக்கட்டு முழுக்க இருந்தது. எதிர் ரூம் மாமி கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, "நாணு, யாருடா இவாள்ளாம், போகச் சொல்லு" என்றாள்.

"சாமியத் தூக்கிட்டுப் போக வந்திருக்கோம்மா" என்றான் கணேசபாண்டியன். "பொட்டியச் சொல்லுதேன்." அவன் சொன்ன விதத்தில் பகை இல்லை. டிரங்குப் பெட்டியை ஒருவன் தலையில் வைத்துக்கொண்டான். படுக்கையை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். நடுவில் நாணு. பாகீரதி படி இறங்கி வரவில்லை. ஜன்னலில் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் இருந்தது, அவள் இல்லை.

குர்லா யார்டில் வண்டி தனியாக நின்றது. சாமான் வண்டியில் பலகை அடித்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். மத்தியான வெயிலில் தகரம் கொதித்தது. வழியனுப்ப வந்த பெண்களைப் போலீஸ்காரன் ஒருவன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தினான். சொர்ணம்மாள் மட்டும் எப்படியோ தாண்டி வந்தாள். பொட்டு இல்லை. மடியில் எதையோ கட்டிப் பிடித்திருந்தாள். அவிழ்த்தாள். கும்பார்வாடாவில் வாங்கிய சின்ன மண் கலயங்கள், இரண்டு.

"அந்தத் தகரக் குவளைய எடுத்துத் தூர எறிஞ்சிட்டு, இதக் கவுத்து வைங்க சாமி" என்றாள். "செத்த பெறவும் கம்பெனிச் சாமான் எதுக்கு அவனுக்கு?"

"வைக்கறேன்."

"மூணாவது."

"மூணாவது."

"மறந்துராதிய."

"மறக்கமாட்டேன். இன்னொண்ணு எதுக்கு?"

அவள் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண், சட்டைக்குள் இடது பக்கம் மட்டும் உப்பிய வயிறு.

"வழியில ஒடையும்லா" என்றாள்.

அவன் இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறினான். உள்ளே ஏற்கெனவே எல்லோரும் இருந்தார்கள். முதல் தடவை அடுத்த வண்டியில், மின்விசிறிக்குக் கீழே, ஆள் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு போனவன் அவன். இப்போது பலகையில் கணேசபாண்டியன் துடைத்து வைத்த ஒரு முழ இடம். உட்கார்ந்தான். நாற்றம் முதலில் அடைத்தது, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று.

கம்பெனிப் பியூன் கதவுப் பக்கம் வந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். கையில் பூட்டு இருந்தது.

"அது எதுக்கு?" என்றான் ஒரு இளவட்டம். "நாங்க என்ன கள்ளனா?"

 நாணுவுக்குப் பதில் தெரியும். அவன் கலயங்களை மடியில் வைத்து, ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் துண்டின் ஓரத்தைச் செருகினான்.

"சாமி," என்றான் கணேசபாண்டியன், "வண்டி கெளம்ப நேரம் ஆவும் போல. சும்மா இருந்தா பயலுக மனசு அலையும். அந்த ஆத்தச் சொல்லுங்க."

"அதுதான் அன்னைக்குச் சொன்னேனே."

"அன்னைக்கு வரச் சொல்லிச் சொன்னிய. இன்னைக்குச் சும்மா சொல்லுங்க."

நாணு வாய் திறந்தான். கலயங்களைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பிறகு, "காலம்பறதான் பார்க்கணும்" என்றான். "பனி ஓரத்திலேர்ந்து கிழியும். முதல்ல தண்ணி தெரியாது, சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒரே ஒரு இடத்துல பச்சையா..."

பியூன் கதவை இழுத்தான். வெளிச்சம் குறுகி ஒரு கோடாகி, அதுவும் போயிற்று. கொண்டி விழுந்தது. வெளியே பூட்டு ஒரு தடவை மாட்டாமல், இரண்டாவது தடவை மாட்டியது.